இணையத்தில் நிரப்பு, பிறகு அச்சிட்டுக் கொண்டு வா

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பிலுள்ள ஓர் அரச அலுவலகத்துக்கு இணையத்தில் விண்ணப்பம் அனுப்பினேன். சில நிமிட வேலைதான். அப்புறம் குறுந்தகவல் வந்தது: அதையே அச்சிட்டு, கையொப்பமிட்டு, அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியுடன் நேரில் ஒப்படைக்க வேண்டுமாம்!

சரி என்று போனேன். உத்தியோகத்தர் என் தாளைப் பார்த்துப் பார்த்துத் தடித்த பதிவேடொன்றில் பேனாவால் எழுதினார். பக்கத்தில் கணினி, பிளாஸ்டிக் உறை போர்த்தியபடி. கொப்பி ஒன்று குறைந்ததால் எதிர்க்கடைக்கு அனுப்பினார்கள். (எந்தப் படிவத்துக்கு எத்தனை கொப்பி என்பது அந்தக் கடைக்காரருக்கு அத்துப்படி. விசாரணைக் கருமபீடத்தை அவரிடமே கொடுத்துவிடலாம்.)

உத்தியோகத்தரைக் குறை சொல்ல மாட்டேன். கணக்காய்வில் தாள் இல்லையென்றால் மாட்டுவது அவர்தான். ஆனால், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தின் சட்ட வலுவை மறுக்க முடியாது என்கிறது 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம். உயில், அற்றோர்னித் தத்துவம், காணி விற்பனை போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. 2025 பெப்ரவரியில் அரசின் இணையக் கட்டண முறையான கவ்பே (GovPay) வந்தபின் சில அரச நிறுவனங்களுக்குக் கட்டணத்தையும் கைபேசியிலேயே செலுத்துகிறோம். காசு வாங்க மட்டும் இணையம் போதுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி ஒரு கையொப்பத்துக்காக வருபவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அடையாள அட்டைக் கொப்பி கேட்பதையாவது முதலில் நிறுத்தட்டும். அந்த அட்டையைத் தந்ததே அரசாங்கம்தானே.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6