புதன்கிழமை நெஞ்சிறுக்கத்துக்குப் பெயர் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், எங்கள் மில்லின் பாதுகாப்பு அலுவலர் ஐயாவுக்கும், சங்கச் செயலாளர் அண்ணனுக்கும், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக் கழகத்தின் கிளை அலுவலகத்து எழுத்தர் அம்மாவுக்கும், கார்டிங் பிரிவு நண்பர்களுக்கும் வணக்கம்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் "அதற்கென்ன இப்போது" என்று நீங்கள் பேச்சை மாற்றிவிட்டதால், எழுத்தில் சொல்லிவிடுவதே வழி என்று முடிவு செய்தேன்.

முதலில் மருத்துவர் அம்மாவுக்கு. உங்களிடம் வருவதற்கு முன் மூன்று இடங்களில் என் நெஞ்சைப் பார்த்திருந்தார்கள். ஓரிடத்தில் ஆஸ்துமா என்றார்கள். இன்னோரிடத்தில் பீடியை விடு என்றார்கள். பீடியைத் தொட்டதே இல்லை என்று நான் சொன்னதை அந்த மருத்துவர் நம்பினாரா என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். நீங்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுக்கும் முன்பே என்ன வேலை, எந்தப் பிரிவு, வார விடுப்பு என்றைக்கு என்று கேட்டீர்கள். செவ்வாய் என்றேன். "அப்படியானால் புதன்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும், இரண்டு நாளில் தணிந்துவிடும், சரிதானே?" என்றீர்கள். என் மனைவியிடம்கூட நான் சொல்லாத செய்தி அது.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற இந்த நோய், விடுப்பு முடிந்து திரும்பும் முதல் நாளில்தான் அதிகமாக வாட்டும் என்றும், எங்கள் மில்லைப் போல வாரம் முழுதும் ஓடி ஆளுக்கொரு கிழமை விடுப்பு கொடுக்கும் இடத்தில் அந்த முதல் நாள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கிழமையில் வருவதால் யாரும் சேர்த்துவைத்துப் பார்ப்பதில்லை என்றும் நீங்கள் விளக்கியபோது எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. அவர் காலத்தில் மில்லுக்கே ஞாயிறு விடுப்பு. ஒவ்வொரு திங்கள் இரவும் அவர் படுக்காமல் திண்ணைத் தூணில் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார்; மில்லுக்குப் போகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் தூங்கப் போய்விடுவோம். நோயாளியிடம் தொழில் என்னவென்றும் கேட்க வேண்டும் என்று ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-இலேயே எழுதிவைத்ததாகச் சொன்னீர்கள். அப்பாவிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

புதன்கிழமை ஷிப்டுக்குப் போகும் முன் ஒருமுறை, ஷிப்டு முடிந்ததும் ஒருமுறை மூச்சை அளக்கும் கருவியின் குழாயை வாயில் வைத்து ஊதச் செய்தீர்கள். "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று செவிலியர் கத்த, கண்ணில் நீர் முட்டும்வரை ஊதினேன். முதல் நொடியில் வெளிவந்த காற்று காலையில் 2.6 லிட்டர், மாலையில் 2.1 லிட்டர். அதோடு நின்றுவிடாமல், அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இந்நோய் இருப்பதால் 89-ஆம் பிரிவின்படி தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு அறிக்கை எழுதுவது உங்கள் கடமை என்று சொல்லி, அன்றே எழுதியும் அனுப்பினீர்கள்.

சங்கச் செயலாளர் அண்ணனும் எழுத்தர் அம்மாவும் செய்ததைப் பணக்கணக்கில் சொன்னால்தான் விளங்கும். சாதாரண நோய் விடுப்பென்றால் இ.எஸ்.ஐ. தருவது கூலியில் 70 விழுக்காடு. தொழில்நோய் வேலையில் பட்ட காயமாகவே கருதப்படுவதால் தற்காலிக ஊனப் பயன் 90 விழுக்காடு. எத்தனை ஆண்டு தூசியில் நின்றேன் என்பதற்குச் சான்று கேட்டபோது, அண்ணன் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து வரிசையாக அடுக்கித் தந்தார். ஒரு தேதி பிழையாக இருந்ததற்காக மனுவைத் திருப்பி அனுப்பிவிடாமல், எழுத்தர் அம்மா மதிய உணவு நேரத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்திக் கொடுத்தார்.

பாதுகாப்பு அலுவலர் ஐயா, உங்கள்மேல் எனக்கு முன்பு கோபம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாஸ்க் போடாதவர்களைத் திட்டுவதுதான் உங்கள் வேலை என்று நினைத்திருந்தேன். நூல் அறாமலிருக்க ஈரப்பதம் ஏற்றிய அந்தப் புழுக்கத்தில் மாஸ்க் பத்து நிமிடத்தில் தாடைக்கு இறங்கிவிடும், என்னுடையதும் இறங்கியதுதான். தொண்டையில் இருப்பது இறங்கட்டும் என்று வெல்லம் தின்போம். வெல்லம் வயிற்றுக்குப் போகும், தூசி நுரையீரலுக்குப் போகும் என்பதை யோசித்ததில்லை. ஆனால் என் அறிக்கை வந்தபின் நீங்கள் எங்களைத் திட்டவில்லை. ஒரு முழு நைட் ஷிப்டு எங்களோடு நின்று, ஷிப்டு முடிவில் ஏர் பைப்பால் மெஷினை ஊதிச் சுத்தம் செய்வதைப் பார்த்தீர்கள். ஊதிய பஞ்சு டியூப்லைட் வெளிச்சத்தில் மூடுபனிபோல் எழுந்து எங்கள் தலையிலேயே வந்து படிவதைச் செல்போனில் படம் பிடித்து மேலாளரிடம் காட்டினீர்கள். இப்போது ஊதுவது நின்று, உறிஞ்சும் கருவி வந்திருக்கிறது. வேலை கால் மணி நேரம் கூடுதலாகிறது என்ற முணுமுணுப்பு இருந்தும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. என்னைக் கூலி குறையாமல் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியதற்காக நிர்வாகத்துக்கும் நன்றி.

நண்பர்களே, நான் இல்லாத ஏழு வாரமும் என் மெஷின்களை உங்களுக்குள் பங்கிட்டுப் பார்த்துக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து ஊதிப்பார்க்கப் போன நான்கு பேரில் இருவருக்கு மாலை அளவு குறைந்திருக்கிறது. அவர்களுக்கான படிவங்களை நிரப்ப நானே உடன் வருகிறேன், எந்தப் பத்தியில் பிழை வரும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். மற்றபடி, நூல் சுற்றிய கோன் மூட்டையை நான் தொட்டாலே ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறீர்களே, அதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நேற்று எடுத்த அளவு 2.5 லிட்டர், அதுவும் புதன்கிழமை மாலையில்.

நன்றியுடன்,
கார்டிங் பிரிவில் இருந்து பேக்கிங் பிரிவுக்கு மாறிய உங்கள் தோழன்