குதிரையின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அமெரிக்காவில் அண்ணன், அண்ணி, குழந்தை எல்லோரும் சௌக்கியம். குதிரைமேல் போய்த் துப்பாக்கி சுடும் போட்டியைப் பார்த்தேன் என்று போனில் சொன்னதும், "வாயில்லாத ஜீவனை இப்படியா வதைப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். நாளைக்கு மாட்டையும் குதிரையையும் தொட்டு வைத்தியம் பார்க்கப்போகிறவள் கேட்ட கேள்வி அது. அரைகுறையாகப் பதில் சொல்ல மனசு வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் தெருவில் ஒரு அம்மாள் இருக்கிறார். என் வயசுதான் இருக்கும், பேரன் பேத்தி எடுத்தவர். அவர்தான் பீனிக்ஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஒரு மைதானத்துக்கு எங்களைக் கூப்பிட்டார். இந்த விளையாட்டே 1990களின் தொடக்கத்தில் இதே அரிசோனா மாநிலத்தில் உருவானதுதானாம். மண்தரையில் ஆரஞ்சு நிறக் கூம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பு, கம்பு நுனியில் ஒரு பலூன். மொத்தம் பத்து. சவாரி செய்பவரிடம் இரண்டு ரிவால்வர்கள் இருக்கும். 1873-இல் வந்த கோல்ட் (Colt) கம்பெனித் துப்பாக்கி மாதிரியான பழைய பாணி. ஒவ்வொரு தடவையும் அதன் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னால் இழுத்துவிட்டால்தான் வெடிக்கும். ஒன்றில் ஐந்து தோட்டா. அங்கும் இங்குமாக நிற்கும் முதல் ஐந்து பலூன்களைச் சுட்டுவிட்டு, அந்தத் துப்பாக்கியை உறையில் செருகி, மற்றதை உருவிக்கொண்டு, மைதானக் கோடியில் வைத்திருக்கும் பீப்பாயைச் சுற்றித் திரும்பி, வரிசையாக நிற்கும் மீதி ஐந்தையும் சுட்டபடியே பாய்ந்து வர வேண்டும். கை தேர்ந்தவர்கள் இருபது விநாடிக்குள் முடித்துவிடுகிறார்கள். ஒரு பலூன் தப்பினால் 5 விநாடி கூட்டிவிடுவார்கள். அதனால் கண்மண் தெரியாமல் ஓட்டிப் பிரயோஜனம் இல்லை.

துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும். இந்த ஊர்ச் செய்திகளைக் கேட்டு இன்னும் பயம். போனதும் முதலில் அதைத்தான் விசாரித்தேன். தோட்டாவில் ஈயக்குண்டே கிடையாது, கருமருந்து மட்டும்தான். எரிந்துகொண்டே சிதறுகிற மருந்துத் துகள்தான் பலூனை உடைக்கிறது. பதினைந்து, இருபது அடி தாண்டினால் அதற்கு வலு இல்லை. தோட்டா போடுவதற்கென்றே நுழைவாயிலில் தனி ஆள் நிற்கிறார். உள்ளே போகும்போதுதான் போடுவது, வெளியே வந்ததும் காலி செய்வது. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ஆனாலும் முதல் வெடிச் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது. தீபாவளியன்று நம் நாய் மணி கட்டிலுக்கடியில் போய் நடுங்கிக்கொண்டு கிடப்பானே, அதுதான் நினைவுக்கு வந்தது. ஆபத்து என்றால் ஓடிப் பிழைப்பதுதான் குதிரையின் சுபாவம் என்று நீதானே சொல்வாய்? அந்தப் பிராணி தன் தலைக்குப் பக்கத்திலேயே வெடிக்கிற சத்தத்தை எப்படித் தாங்குகிறது? அதற்கப்புறம் பலூன்களை நான் பார்க்கவே இல்லை. குதிரைகளின் காதுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதுக்குள் மெத்தென்று ஓர் அடைப்பான் வைக்கிறார்கள். நன்றாகப் பழகிய குதிரைக்கு ஒரு காது முன்னால் போகிற வழியைக் கவனிக்கிறது, மற்றது பின்னால் திரும்பி மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்கிறது. சுடுகிறவரும் குதிரையின் தலைக்கு நேர் மேலே சுடுவதில்லை. கையைப் பக்கவாட்டில் நன்றாக நீட்டித்தான் சுட வேண்டுமாம். இல்லாவிட்டால் மருந்துப்பொறி கண்ணிலோ காதிலோ பட்டுவிடும்.

அந்த அம்மாளின் குதிரை செம்பழுப்பு நிறப் பெண்குதிரை, வயசு பதினாறு. அதைப் பழக்கின கதையை அவர் சொல்லச் சொல்ல அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னான். முதலில் துப்பாக்கியே இல்லை. கொட்டிலில் பலூன்களைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். அது காற்றில் ஆடுவதே குதிரைக்கு மிரட்சிதானே. அது பழகின பிறகு, குதிரை புல் தின்னும்போது தூரத்தில் பொட்டுவெடித் துப்பாக்கி. மிரண்டால் இன்னும் தள்ளிப் போய்விடுவார்கள், மிரளாவிட்டால் கொஞ்சம் கிட்டே. சத்தம் போடுகிற ஆள் விலகிப் போக, குதிரை அவரைப் பின்தொடர்கிற மாதிரி நடத்துவார்களாம். தன்னைக் கண்டு சத்தம் ஓடுகிறது என்று அதற்குத் தைரியம் வருமாம். பழகிய குதிரைகளோடு சேர்த்து நிறுத்துவதும் உண்டு. இதற்கே மாதக்கணக்கில் ஆகிவிட்டதாம். "சில குதிரைக்கு இது ஒத்தே வராது, அதை விட்டுவிட வேண்டும்" என்றார். இதைக் கேட்ட பிறகு அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அன்றைக்கே அப்படி ஒன்றைப் பார்த்தோம். ஒரு பையனின் இளங்குதிரை முதல் வெடிக்கே பக்கவாட்டில் துள்ளி, கண்ணின் வெள்ளை தெரிய நின்றுவிட்டது. அவன் சாட்டையும் எடுக்கவில்லை, கத்தவும் இல்லை. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, கழுத்தைத் தடவி, பத்து பலூன்களையும் சும்மாவே மெதுவாகச் சுற்றிக் காட்டிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். அவன் அந்தச் சுற்றில் தோற்றான். ஆனாலும் ஜனங்கள் நிறையக் கைதட்டியது அவனுக்குத்தான்.

எல்லோரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒருவர் வேகத்தில் கடிவாளத்தை வெட்டி இழுத்ததில் குதிரை வாயைப் பிளந்துகொண்டு தலையைத் தூக்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த அம்மாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, வதை இந்த விளையாட்டில் இல்லை, ஆளிடம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நீ படித்தவள், நீ வேறு மாதிரி நினைத்தால் எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மாளுக்குக் கடைசியில் ஒரு பலூன் தப்பிவிட்டது. அவர் நேரப் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் இறங்கி, குதிரையின் காதடைப்பானை எடுத்து உள்ளே துடைத்துவிட்டார். உன் படிப்பைப் பற்றி அண்ணன் சொன்னதும் அவர் ஒன்று கேட்டார்: அடைப்பான் வைத்தாலும், வருஷக்கணக்கில் இந்தச் சத்தத்தைக் கேட்கிற குதிரைக்கு வயசான காலத்தில் காது மந்தமாகுமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? உன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களைக் கேட்டு எழுது, நான் அவரிடம் சொல்கிறேன். ராத்திரி டியூட்டி என்றால் சாப்பிடாமல் போகாதே.

அன்புடன்,
அம்மா