கானாடுகாத்தான் வீட்டுத் துப்பாக்கி

தேவகோட்டை

அன்பு நண்பா,

உங்கள் கானாடுகாத்தான் வீட்டுப் பழைய துப்பாக்கி துருப்பிடித்து, உள்ளே வில் (ஸ்பிரிங்) ஒடிந்து கிடக்கிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன், நீளமான குரல் பதிவையும் கேட்டேன். வீட்டில் காட்டினால், "அந்தச் சனியனை எதுக்கு இன்னும் வளவுக்குள்ள வச்சிருக்காக" என்றுதான் முதல் கேள்வி. இங்கே எல்லோரும் சுகம். ஐப்பசி மழை பரவாயில்லை, முகப்பு ஓட்டில் ஒழுகுகிற இடம் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கியைக் கெட்டித்தபடியே சுவரில் மாட்டிவிட்டுப் போன வீடுகள் உண்டு, கரிமருந்து நனையாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பிடித்துக்கொள்ளும். மருந்தைக் குத்திக் கெட்டிக்கிற நீளக் கம்பியான கசக்கோலைக் குழலுக்குள் மெதுவாக இறக்கி, வாய் மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள். பிறகு அதே கோலை வெளியே குழலின் பக்கத்தில் வைத்துப் பார். நுனி அடிவரைக்கும், அதாவது கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை வைக்கிற நிப்பிள் குமிழுக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். நாலைந்து விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, குளவிக்கூடாகவும் இருக்கலாம், குண்டும் மருந்துமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் தோண்டாதே, சூடு காட்டாதே, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரரிடமோ ஸ்டேஷனிலோ சொல்லிவிடு. இதைச் செய்யும்போது முகத்தையும் கையையும் குழல் வாய்க்கு நேரே கொண்டுபோகாதே.

அடுத்தது காகிதம். இதை நீ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாய், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு வழக்கொழிந்த பழைய துப்பாக்கிகளுக்கு விலக்குக் கொடுக்கிறது என்று உன் மச்சினன் சொன்னது பாதி சரி. பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. பழுது பார்த்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், லைசென்ஸ் வேண்டும். நீ என்னிடம் கேட்கிற வேலையோ அதைச் சுடுகிற நிலைக்குக் கொண்டுவருகிற வேலை! பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, அதனால் கொல்லுப்பட்டறையில் கொடுத்து வில் அடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை விட்டுவிடு, பாவம் அந்த ஆசாரி மாட்டிக்கொள்வார். ஐயா பெயரில் லைசென்ஸ் இருந்திருக்கும், அவர் போன பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். பெட்டகத்தில் தேடினால் பழைய லைசென்ஸ் புத்தகமோ, தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதோ கிடைக்கலாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு வக்கீலைப் பிடித்து சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடு, நாமாகப் போய்ச் சொல்வது வேறு, அவர்களாக வந்து கேட்பது வேறு.

இனி பொருளுக்கு வருவோம். சுடுகிற பொறியை மூடியிருக்கிற பூட்டுத் தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் தெரிகிறது, குழலை மரக்கட்டையோடு பிடிக்க மூன்று பட்டை இருக்கிறது. வெள்ளைக்காரப் படையின் 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிளாக இருக்கலாம், குழல் 39 அங்குலமும் துளை .577 அங்குலமும் வருகிறதா என்று அளந்து பார். 1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்தார்களே, கொழுப்புத் தடவிய தோட்டா, அது இந்தத் துப்பாக்கிக்கு வந்ததுதான். அதற்கப்புறம் வெள்ளைக்காரன் உஷாராகி, இந்தியச் சிப்பாய்களுக்கென்று உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல் வைத்து 1858 மாதிரி என்று ஒன்றைக் கொடுத்தான், துளை .656 அங்குலம். வரிக்குழல்தான் தூரத்தில் குறி தப்பாமல் அடிக்கும், அது தன் ஆட்கள் கையில் மட்டும் இருக்கட்டும் என்ற கணக்கு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மருந்து இல்லை என்று உறுதியான பிறகு வாய் விளிம்பில் டார்ச் அடித்துப் பார், மூன்று வரி சுழன்று உள்ளே போனால் ரைபிள், இல்லாவிட்டால் நீ இத்தனை காலம் ரைபிள் என்று பீற்றிக்கொண்டது வெறும் மஸ்கெட்! முத்திரையை மட்டும் நம்பிவிடாதே, வடமேற்கு எல்லைப் பக்கத்துப் பட்டறைகளில் இதே முத்திரையைக் குத்தி ஏகப்பட்ட நகல் செய்திருக்கிறார்கள்.

துருவைப் பார்த்துப் பயப்படாதே. துருவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நம் காரைக்குடியிலேயே ஒரு பெரிய நிலையம் இருக்கிறது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் நிலையம். அந்த ஊர்க்காரன் நீ, யூடியூபைப் பார்த்து வினிகரில் ஊறப் போடட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம். அந்தக் காலத்துக் கேப்பு வெடித்தால் உப்புக் கசடு மிஞ்சும், அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால்தான் நிப்பிளைச் சுற்றியும் கேப்பை அடிக்கிற சுத்தியலான குதிரையின் மூக்கிலும் மட்டும் அப்படி அரித்திருக்கிறது. மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, இருப்பதிலேயே மெலிசான ஸ்டீல் வுல்லால் கையாலேயே தேய், கிரைண்டர் சக்கரத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதே. சிவப்புத் துரு போனால் போதும், அடியில் இருக்கிற கறுப்பு அப்படியே இருக்கட்டும். விசைக்காப்பும் கட்டையின் அடித்தகடும் பித்தளை, குத்துவிளக்கு மாதிரி பளபளக்கவேண்டும் என்று யாராவது புளி போட்டுத் தேய்க்கப் போகிறார்கள், வீட்டில் சொல்லி வை.

திருகாணிகளைத் தலை மழுங்காமல் எடுக்க வேண்டுமானால் தலையின் வெட்டுக்குச் சரியாக உட்காருகிற திருப்புளி வேண்டும், கடையில் வாங்கினதை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவா. எந்தத் திருகாணி எந்தத் துளையில் இருந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வை, ஒன்று இன்னொன்றின் இடத்தில் சரியாக உட்காரும் என்று எதிர்பார்க்காதே. குதிரை ஆடுவது அதன் சதுரத் துளை தேய்ந்ததால், அது பார்வைக்குத் தெரியாத குறை, விட்டுவிடலாம். ஒடிந்த வில் வேறு கதை. வி வடிவத்தில் மடிந்த இடத்தில் ஒடிந்திருக்கிறது, வழக்கமாக அங்கேதான் ஒடியும். வெல்டிங் வைத்தால் சூட்டில் பதம் போய்விடும், அப்புறம் அது வில்லே இல்லை. புதிதாகச் செய்ய வேண்டுமானால் கரி அதிகமுள்ள எஃகை வளைத்துச் செவ்வண்ணம் வரக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 300 டிகிரிக்குப் பக்கம் சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும், இறக்காவிட்டால் முதல் இழுப்பிலேயே முறியும். இதெல்லாம் உரிமம் உள்ளவர் வேலை. என்னைக் கேட்டால் வில் ஒடிந்தே இருக்கட்டும், இரண்டு துண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு எண்ணெய் தடவிப் பத்திரமாக வை.

நீயும் நானும் கை வைக்கக்கூடியது கட்டைதான். கைப்பிடியில் பூட்டுக்குப் பின்னால் ஓடுகிற விரிசல்தான் இந்தப் படங்களிலேயே எனக்குக் கவலை தந்தது, அதை அப்படியே விட்டால் ஒருநாள் யாராவது தூக்கும்போது இரண்டாக வந்துவிடும். கட்டை வால்நட் மரமாக இருக்கும், நம் வீட்டில் பர்மாத் தேக்குத் துண்டு கிடக்கிறது என்று அதைச் செருகினால் இழையும் சேராது, நிறமும் சேராது. பூட்டிலிருந்து ஒழுகின எண்ணெய் வருஷக்கணக்காய் மரத்தில் ஊறியிருக்கும், அதன்மேல் எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோனில் நனைத்த துணியால் கறை வருவது நிற்கும்வரை ஒற்றி எடுத்துவிட்டு, ஒருநாள் காயவிட்டுப் பிறகுதான் ஒட்ட வேண்டும். ஃபெவிக்கால் வேண்டாம், பழைய ஆசாரிகள் போடுகிற வச்சிரம் என்கிற தோல் பசையைப் போடலாம், நாளைக்கு வேறொருவர் இதைவிட நன்றாகச் செய்யவேண்டும் என்றால் வெந்நீரும் ஆவியும் காட்டிப் பிரித்துக்கொள்ளலாம். கட்டிப் பிடிக்க சைக்கிள் டியூப் போதும். முடிந்த பிறகு ஆளிவிதை எண்ணெய் தடவு, வார்னிஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் விலை பேசினார் என்றாயே, காகிதம் தெளிவாகாமல் எதுவும் பேசாதே. நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 பழம்பொருள் சட்டப்படி தடை, அவர் ஏதோ வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு அது உன் ஒருவன் பொருளுமில்லை, உங்கள் வீட்டுக்கு எத்தனை பங்காளி என்று உனக்கே சரியாகத் தெரியாது.

தை மூணாம் தேதி சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு எப்படியும் வருவாய். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. அதற்குள் கலெக்டர் ஆபீஸ் விவகாரம் ஒரு வழிக்கு வந்திருந்தால் நான் கானாடுகாத்தானுக்கு வருகிறேன், அசிட்டோனும் வச்சிரமும் என் பொறுப்பு. வீட்டுச் சாவி இந்த வருஷம் எந்தப் பங்காளியிடம் இருக்கிறது என்று மட்டும் நீ விசாரித்து வை.

அன்புடன்,
உன் தேவகோட்டைக்காரன்