டிப்ஸை பணம் அனுப்பறவங்களுக்கு எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயித்துக்கிழமை இணைப்புல குடும்பத்துல டென்ஷன் குறைக்கறதுக்கு டிப்ஸ் போட்டிருந்தீங்க, காலைல மூச்சுப்பயிற்சி, பிடிச்ச பாட்டு, சாயங்காலம் வாக்கிங்னு, நல்லாத்தான் இருக்கு சார், ஆனா ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கையா மாமியார் இருக்கற வீட்ல அந்த நேரத்தை யாரு குடுப்பாங்கன்னு எழுதவே இல்லையே. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும் இல்லனா முதுகுல புண்ணு வந்துரும், ராத்திரியும் அதேதான், டயாப்பர் மாத்தணும், கஞ்சிய புரையேறாம ஊட்டணும், நடுவுல பையனுக்கு டிபன் பாக்ஸ். இதுல ஒரு நாள் எரிஞ்சு விழுந்துட்டா போதும், "உனக்கு வரவர கோவம் ஜாஸ்தியாயிடுச்சு, யோகா கிளாஸ் போ"ங்கறாங்க.

மூத்தவர் பெங்களூர்லேர்ந்து மாசாமாசம் ஜிபே பண்றார், நாத்தனார் வீடியோ கால்ல "அம்மா இளைச்சுட்டாங்களே அண்ணி"ன்னு அழுவாங்க. பணம் வேணாம்னு சொல்லல, டயாப்பர் விக்கற விலைக்கு ரொம்பவே வேணும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திரிக்கறது ஜிபே இல்லையே.

மத்திய அரசு 2019ல எடுத்த சர்வேல பொம்பளைங்க வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு, அதுவும் வீட்டு வேலை செய்யற ஆம்பளைங்கள மட்டும் எடுத்த கணக்கு, செய்யாதவங்க அதுல சேத்தியே இல்ல. இதுக்கு எந்த மூச்சுப்பயிற்சி சரியா வரும் சொல்லுங்க.

உருப்படியான விஷயத்தையும் கொஞ்சம் போடுங்க சார். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்ச திட்டத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வராங்க, படுக்கைல இருக்கறவங்களப் பாக்க நர்சும் வராங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா விவரம் சொல்லுவாங்க, நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. மனசு ரொம்ப பாரமா இருந்தா அரசோட மனநல உதவி எண் 14416க்கு போன் பண்ணி எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. (பேசறதுக்கு மொட்டை மாடிக்குத்தான் போகணும், அது வேற விஷயம்.)

அடுத்த தடவை டிப்ஸ் போட்டா தூரத்துல இருக்கற பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் போடுங்க. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு போட்டு வந்து அம்மா பக்கத்துல இருங்க, பாத்துக்கறவ அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டும்னு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதேன்னு சொல்லுவாங்க. டயாப்பர் மாத்தறது பெரிய வித்தை இல்ல, ரெண்டு நாள்ல வந்துரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி