வக்கீல் நோட்டீஸ் தடையுத்தரவு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தொல்லை தரும் உறவினர் ‘ஒரு வக்கீல் நோட்டீஸ் விட்டால் அடங்கிவிடுவார்’ என்று சென்ற இதழில் வந்த யோசனை பாதிதான் சரி. அது நீதிமன்றத்தின் தடையுத்தரவு அல்ல; அதை மீறியதற்காக மட்டும் யாரையும் உள்ளே வைக்க முடியாது. அதன் பலன் பின்னால், வழக்கு என்று வரும்போதுதான். ஆகவே அந்த உறவினரை, அண்ணனே ஆனாலும், மிரட்ட எழுதாதீர்கள். நாளை மாஜிஸ்திரேட் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

நான்கு பக்கம் வசையைவிட, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த எண்ணிலிருந்து அழைப்பு, வாசலில் நின்று என்ன சொன்னார், யார் பார்த்தார்கள் என்ற ஒரு பக்கம் மேல். சொத்துத் தகராறும் சேர்ந்திருந்தால், ‘நம் பொதுச் சொத்து’ என்று ஒரு வரி தவறி விழுந்தால் எதிர்த்தரப்பு அதை ஒப்புதலாகக் காட்டும். ‘பங்கை எழுதிக் கொடு, இல்லையேல் போலீஸ் கேஸ்’ என்ற தொனியோ உங்கள் மேலேயே திரும்பும்.

பலர் கவனிக்காத ஒன்று: நோட்டீஸ் வழக்கமாகவே ‘இன்ன முகவரியில் வசிக்கும் எமது கட்சிக்காரர்’ என்றுதான் தொடங்கும். தொல்லைக்குப் பயந்து பெங்களூரிலேயே அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு வீடு மாறியவரின் புது முகவரி அப்படித்தான் எதிராளி கைக்குப் போகிறது. அதை விட்டுவிடச் சொல்லுங்கள். வக்கீல் அலுவலக முகவரி போதும். ஊரில் இருப்பவருக்கு இங்கிலீஷில் மட்டும் அனுப்பினால் ‘புரியவில்லை’ என்பார், தமிழ் நகலையும் வையுங்கள்.

பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. கவுண்டரில் பதிவு வசதியும் டெலிவரிச் சான்றும் சேர்த்துக் கேளுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்புடன் உறை திரும்பினால் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட தபாலைச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நகலைப் போட்டு அவதூறு வழக்கை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

அடிதடி, கொலை மிரட்டல் என்றால் நோட்டீஸ் எதிராளியை உஷார்ப்படுத்துவதோடு சரி, 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பிரிவு 12-இன் கீழ் மனுப் போட முன்கூட்டி நோட்டீஸ் தேவையில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த அண்ணன், மாமியார் மீதும் போடலாம். அவர்கள் வேலூரில் இருந்தாலும், நீங்கள் பெங்களூரில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலே இங்கு மனு செல்லும். அந்த மனுவில் நீதிமன்றம் தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்கும் பெண்கள் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைக்கலாம்; வருமானம் எவ்வளவானாலும் அவர்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெங்களூரு