641 எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய எண்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 4294967297 ஒரு பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நம்பியதையும், அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் காட்டியதையும் சொன்ன கட்டுரை, ‘மேதையின் பார்வை’ என்று வியந்துவிட்டு அடுத்த எண்ணுக்குத் தாவிவிட்டது. எனக்கு அங்கேதான் வருத்தம். பள்ளி இயற்கணிதம் நினைவிருக்கும் எவரும் தாமே சரிபார்த்துவிடக் கூடிய விஷயம் இது.

அந்த எண் 2³² + 1. இனி 641-ஐப் பாருங்கள். அதை 640 + 1 என்றும் எழுதலாம், 625 + 16 என்றும் எழுதலாம். 640 என்பது 5 × 2⁷. 625 என்பது 5⁴, 16 என்பது 2⁴.

640⁴-ஐ எடுத்துக்கொள்வோம். அது 5⁴ × 2²⁸. அதோடு 2³²-ஐக் கூட்டினால் 2²⁸ × (5⁴ + 2⁴), அதாவது 2²⁸ × 641. அதே 640⁴-இலிருந்து 1-ஐக் கழித்தால் (640² + 1) × (640 + 1) × (640 − 1). இதிலும் 641 உட்கார்ந்திருக்கிறது. முதல் விடையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். 640⁴ அடிபட்டுப்போய் 2³² + 1 மட்டும் மிஞ்சும். 641-இன் மடங்கிலிருந்து இன்னொரு மடங்கைக் கழித்தால் வருவதும் அதன் மடங்குதானே! பத்து இலக்க எண்ணை வகுத்துப் பார்க்கவே தேவையில்லை.

641 என்று முன்பே தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வழி. தெரியாமல் தேடினால், அந்த எண்ணின் வர்க்கமூலமான ஏறத்தாழ 65536-க்குள் இருக்கும் 6542 பகா எண்களையும் சோதிக்க வேண்டிவரலாம். இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்பதை ஆய்லர் பின்னர் நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவதிலேயே கிடைத்துவிடுகிறது! என்னைக் கேட்டால், கட்டுரையின் உயிரே இந்த வரிசையாகத்தான் இருந்திருக்க வேண்டும். வகுத்தால் கிடைக்கும் 6700417-உம் பகா எண்தான்.

ஃபெர்மாவை ‘தவறிவிட்டார்’ என்று ஒரே சொல்லில் தள்ளியதும் நியாயமில்லை. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வருவது அவர் வரிசை. 3, 5, 17, 257, 65537 என்று அதன் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதான 4294967297-இல்தான் சறுக்கியது. அதற்குப் பிறகு அந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவதும் அதே வரிசையைச் சேர்ந்ததுதான். 3,15,653 இலக்கங்கள் கொண்டது. அது பகு எண் என்று 1980-களிலேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்த முறை இத்தகைய எண்ணைப் பற்றி எழுதும்போது, அதற்கான நிரூபணத்தை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது சேர்த்து வெளியிடுங்கள். பள்ளி மாணவர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
கணித ஆர்வமுள்ள வாசகர்