எவ்வளவு மிச்சம்?

அன்புள்ள கீதா,

நலம்தானே? கோமதிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அவளே போன் பண்ணுவாள், அதுவரை தெரியாத மாதிரியே இரு.

நான் எழுத உட்கார்ந்தது தேய்மானம் பற்றி; அதான், ஒரு பொருளின் மதிப்பு வருஷா வருஷம் குறைவதைச் செலவாக எழுதுகிறோமே, அது. சிரிக்காதேடி. பிளஸ் ஒன் பிள்ளைகள் வருஷா வருஷம் முட்டிக்கொண்டு நிற்பது குறைந்து செல் மதிப்பு முறையில்தான். மதிப்பில் பத்து சதவீதம் கண்டுபிடி, கழி, மிச்சத்தில் மறுபடி பத்து சதவீதம், மறுபடி கழி. நடுவில் ஒரு கழித்தல் தப்பினால் கடைசியில் வரும் விற்பனை நட்டம் வரைக்கும் எல்லாம் போச்சு. இந்த வருஷம் தலைகீழாக ஆரம்பித்தேன். எவ்வளவு தேய்ந்தது என்று கேட்கவில்லை, எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். 2021 அக்டோபர் 1-ல் லட்ச ரூபாய்க்கு வாங்கிய ஜெராக்ஸ் மெஷின், மார்ச்சில் கணக்கு முடிகிறது. முதல் வருஷம் ஆறே மாதம், தேய்வது ஐந்தே சதவீதம், அதனால் 0.95-ஆல் பெருக்கு, அப்புறம் வருஷத்துக்கு ஒரு 0.9. 95,000, 85,500, 76,950. 2024 ஏப்ரல் 1-ல் 70,000-க்கு விற்றால் நட்டம் 6,950. மூன்றே பெருக்கல்! ஒவ்வொரு வருஷத் தேய்மானமும் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளின் வித்தியாசம், அதை எடுத்துப் பேரேட்டில் எழுத வேண்டியதுதான்.

இதெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுவிடும் என்பாய். போடட்டும். ஆனால் பணம் வெளியே போகாமலே ஒரு செலவு எப்படி வந்தது, அந்தக் காசு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு எந்த கம்ப்யூட்டர் பதில் சொல்லும்? கணக்கு சுலபமானதால்தான் வகுப்பில் அதைப் பேச நேரம் கிடைத்தது. ஒரு பெண், அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், எழுந்து கேட்டாள்: "அப்போ அப்பா டீசல் காசு போக லாபம்னு கொண்டு வர்றதுல வண்டியோட காசும் இருக்கா மிஸ்?" இருக்கிறது என்றேன். பழைய வண்டி ஓய்ந்ததும் புதுசுக்கு ஏன் வட்டிக்கு வாங்கினார்கள் என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. வகுப்பே பேசாமல் இருந்தது. இந்தப் பாடத்தை நடத்துவதே இதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது கீதா.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். வருமான வரியில் மாதக் கணக்கு கிடையாது, வாங்கிய வருஷம் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதி விகிதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் என்றதும், ஒரே பொருளுக்கு ஏன் இரண்டு கணக்கு என்று பிய்த்து எடுக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை வந்து நீயே சொல்லு. ஆடிட்டர் சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
வசந்தி